பழைய துறைமுகத்துத் தோணிகள்

தூத்துக்குடியில் கரையோரக் கடல் ஆழமில்லாதது. புதுத் துறைமுகம் வருவதற்கு முன்னால் பெரிய கப்பல் எதுவும் கரையை ஒட்டி வந்து நின்றதில்லை. ஐந்தாறு மைல் தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும். பஞ்சுப் பொதியும் உப்பு மூட்டையும் கருப்பட்டிச் சிப்பமும் அதுவரைக்கும் போய்ச் சேர்ந்தது தோணிகளில்தான். 1914இல் தனுஷ்கோடி வழியாகக் கொழும்புப் பயணம் தொடங்கும்வரை, சென்னையில் ரயிலேறி இலங்கைக்குப் போகிறவர்கள் தூத்துக்குடிக்கு வந்துதான் கப்பல் பிடித்தார்கள். 1906இல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கியதும், காலியா, லாவோ என்ற இரண்டு கப்பல்கள் வந்ததும் நம் பிள்ளைகள் பாடத்தில் படிக்கிறார்கள். படிக்கத்தான் வேண்டும். ஆனால் கப்பலுக்கும் கரைக்கும் நடுவே இராப்பகலாக ஓடிய தோணிகளைப் பற்றி, நான் படித்த புத்தகத்திலும் சரி, பிறகு வகுப்பில் நான் நடத்திய புத்தகத்திலும் சரி, ஒரு வரிகூடக் கிடையாது.

என் தாத்தா தோணித் தண்டல். தோணியை நடத்திக்கொண்டு போகிற தலைவருக்குத் தண்டல் என்று பெயர். அவருக்குக் கீழே பத்துப் பன்னிரண்டு பேர் வேலை பார்ப்பார்கள். அப்பா கடலுக்குப் போகவில்லை. தோணி ஏஜென்சி ஒன்றில் கணக்கு எழுதினார். பழைய துறைமுகத்துக்கு நடந்தே போகிற தூரத்தில் வீடு. அறுபதுகளின் கடைசியில் நான் பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழியில் பாய்மரங்களின் தலை தெரியும். கொழும்புக்கு வெங்காயமும் மிளகாய் வற்றலும் ஏறிக்கொண்டிருக்கும். காற்று ஒத்துழைத்தால் இரண்டாம் நாள் கொழும்பு. ஒத்துழைக்காவிட்டால் எத்தனை நாள் என்று பாட்டியால் சொல்ல முடியாது. பனிமய மாதா கோயிலில் போய் உட்கார்ந்துகொள்வாள்.

தோணி என்றதும் உள்ளூர்க்காரர் அல்லாதவர்கள் மீன்பிடி வள்ளத்தை நினைத்துக்கொள்கிறார்கள். இது வேறு. 200 டன்னிலிருந்து 400 டன் வரைக்கும் சரக்கு ஏற்றுகிற மரக்கப்பல். முழுக்க முழுக்கக் காற்றை நம்பி ஓடியது. உலகத்தில் சரக்குக் கப்பல்கள் பாயைச் சுருட்டி வைத்துப் பல பத்தாண்டுகள் ஆன பிறகும், எங்கள் ஊரிலிருந்து பாய் விரித்துக்கொண்டு வியாபாரத்துக்குப் போய் வந்தார்கள். எண்பதுகளில்தான் தோணிகளுக்கு எஞ்சின் வந்தது.

தாத்தாவிடம் ஓர் ஈயக்குண்டு இருந்தது. கடலை விட்ட பிறகும் அதைத் தன் கட்டிலுக்குக் கீழே வைத்திருந்தார். நீளமான குண்டு, மேலே கயிறு கட்டக் காது, அடியில் கட்டைவிரல் நுழைகிற அளவுக்கு ஒரு பள்ளம். அந்தப் பள்ளத்தில் கொழுப்பையோ சவக்காரத்தையோ அப்பிக் கடலில் இறக்குவார்கள். கயிறு எத்தனை பாகம் இறங்குகிறது என்பது ஆழம். அடியிலிருந்து பள்ளத்தில் ஒட்டிக்கொண்டு வருவது இடம். ஒருநாள் சின்ன வள்ளத்தில் என்னையும் அண்ணனையும் ஏற்றிக்கொண்டு முயல் தீவுப் பக்கம் போய்க் குண்டை இறக்கிக் காட்டினார். மேலே வந்ததை விரலால் வழித்து என் உள்ளங்கையில் வைத்துத் தேய்க்கச் சொன்னார். நறநறவென்று வெள்ளை மணல், கூடவே சிப்பி நொறுங்கல். “ஏட்டி, இத நல்லா மனசுல வச்சுக்க. சேறா ஒட்டுனா புன்னக்காயல் ஆத்துக்கு நேர நிக்க. இப்படிக் கல்லும் சிப்பியுமா ஒட்டுனா பாருக்குப் பக்கத்துல வந்துட்ட, தோணியத் திருப்பிரணும்.” பார் என்றால் கடலடிப் பாறைத்திட்டு. கண் சரியாகத் தெரியாத வயதில்கூட, அண்ணன் வேண்டுமென்றே வேறு வேறு இடத்து மண்ணைக் கொண்டுவந்து கையில் வைத்தால், முகர்ந்து பார்த்துவிட்டு இடத்தைச் சொல்வார்.

திசைகாட்டி இருந்தது. ஆனாலும் அவர் அதிகம் நம்பியது வானத்தையும் மலையையும். இராத்திரியில் ஆறாங்கூட்டம் என்கிற நட்சத்திரக் கூட்டம் எந்த உயரத்தில் நிற்கிறது, விடிவெள்ளி எப்போது கிளம்புகிறது என்று பார்த்துத் தோணியைப் பிடிப்பார். இலங்கையை நெருங்கும்போது சிவனொளிபாதமலையின் கூர் தெரிய வேண்டும். திரும்பி வரும்போது மணப்பாட்டு மணல்மேட்டுக் கோயில், திருச்செந்தூர்க் கோபுரம், முயல் தீவு விளக்கு, பிறகு மாதா கோயில் கோபுரங்கள். முருகன் கோயிலும் சிலுவைக் கோயிலும் கடலோடிக்கு ஒரே வரிசையில் வரும் அடையாளங்கள். வாடை, கொண்டல், கச்சான் என்று காற்றுக்கு ஒவ்வொரு பெயர். காற்றின் பெயரை அவர் மூக்காலேயே கண்டுபிடிப்பதாக எனக்குத் தோன்றும். மழை வருமா என்று தெருவில் உள்ளவர்கள் வந்து கேட்டுவிட்டுப் போவார்கள்.

தென்மேற்குப் பருவக் காற்று வலுக்கிற மாதங்களில் தோணி கடலுக்குப் போகக் கூடாது. அத்தனையும் பழைய துறைமுகத்தில் வரிசையாகக் கிடக்கும். ஊரின் ஆண்கள் எல்லோரும் வீட்டில் இருக்கிற காலம் அது. ஆகஸ்டு 5 பனிமய மாதா திருவிழாவும் அதே காலத்தில் வருவதால், எங்களுக்கு அப்பாமார், சித்தப்பாமார், மாமாமார் அத்தனை பேரோடும் கொண்டாடக் கிடைத்த ஒரே பெரிய விழா அதுதான். பழுது பார்க்கிற வேலையும் அந்த மாதங்களில்தான். கரையெல்லாம் ஓடாவிகள். தோணி கட்டுகிற தச்சரை ஓடாவி என்போம்.

கலப்பத்து அடிப்பதை நான் மணிக்கணக்காக நின்று பார்த்திருக்கிறேன். பலகைக்கும் பலகைக்கும் நடுவே இருக்கிற இடுக்கில் எண்ணெயில் ஊறிய பஞ்சுத்திரியை வைத்து, தட்டையான உளியால் உள்ளே தள்ளித் தள்ளிக் கொட்டாப்புளியால் அடிப்பார்கள். திரி அதிகமானால் பலகை விலகும். குறைந்தால் தண்ணீர் வரும். மேலே குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சிப் பூசுவார்கள். தண்ணீருக்கு அடியில் போகிற பாகத்துக்குச் சுண்ணாம்பும் கொழுப்பும் குழைத்த பூச்சு. அந்த வாடை எங்கள் தெருவரைக்கும் வரும். ஒரு தோணியின் இரண்டு பக்கமும் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்து அடிக்கும்போது, மூத்த ஓடாவி ஒருவர் சும்மா கைகட்டி நிற்பது போல நிற்பார். திடீரென்று ஓர் இடத்தைக் காட்டி, “அந்தா, அது இன்னும் குடிக்கல. இன்னொரு திரி வை” என்பார். அடிக்கிற சத்தத்திலேயே அவருக்குத் தெரியும். இறுகிய இடுக்கில் விழுகிற அடிக்குச் சத்தம் கணீரென்று வரும். இறுகாததில் பொத்தென்று வரும். இது எனக்கு அவரே பிறகு சொல்லித் தந்தது. நான் கேட்டுப் பார்த்தேன், வித்தியாசம் தெரிந்தது. ஆனால் எட்டுப் பேர் ஒரே சமயத்தில் அடிக்கும்போது எந்த உளி என்று சொல்ல அவருக்கு மட்டும்தான் முடியும்.

1974 ஜூலை 11 அன்று புதுத் துறைமுகம் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. கப்பல்கள் நேரே கரைக்கு வந்தன. ஊருக்கு நல்லதுதான், அதில் எனக்கு மாற்றுக் கருத்து கிடையாது. ஆனால் கப்பலுக்கும் கரைக்கும் நடுவில் ஓடிய தோணிகளுக்கு வேலை போய்விட்டது. கொழும்பு ஓட்டம் மிச்சம் இருந்தது. 1983இல் இலங்கையில் கலவரம் மூண்ட பிறகு அதிலும் அடி விழுந்தது. மாலத்தீவுக்குக் காய்கறி, பலசரக்கு, வீடு கட்டுகிற சாமான்கள் என்று ஒரு பகுதித் தோணிகள் பிழைத்துக்கொண்டன. கன்டெய்னர் வந்த பிறகு அதுவும் சுருங்கியது. புதுத் தோணி கட்டுவது நின்றதும் ஓடாவிகளின் பிள்ளைகள் கதவு ஜன்னல் செய்யப் போனார்கள், சிலர் வளைகுடாவுக்குப் போனார்கள். எந்தத் தகப்பனும் பிள்ளையை ஓடாவி வேலைக்கு வா என்று கூப்பிடவில்லை. அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

நான் வரலாறு படித்து, வரலாறு சொல்லித் தருகிற வேலைக்குப் போனேன். உள்நாட்டுப் பிள்ளைகளுக்கும் கடலோரப் பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான் பாடம். இராஜேந்திர சோழன் 1025இல் கடாரத்தின் மேல் கப்பற்படை அனுப்பிய பாடம் வந்தால் வகுப்பே நிமிர்ந்து உட்காரும். ஒருமுறை முன்வரிசைப் பெண் ஒருத்தி எழுந்து, அந்தக் கப்பல் எப்படி இருக்கும் என்று கேட்டாள். அழகன்குளத்துப் பானை ஓட்டில் கீறியிருக்கிற கப்பல் உருவத்தைப் பற்றிச் சொன்னேன். நியூசிலாந்தில் 1836இல் கண்டெடுத்த, தமிழ் எழுத்துப் பொறித்த கப்பல் மணியைப் பற்றிச் சொன்னேன். முகையதீன் வக்குசு உடைய கப்பலின் மணி என்று அதில் எழுதியிருக்கிறது. இப்போது வெலிங்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அவள் கேட்டுக்கொண்டாள். பின்வரிசையில் இருந்த இன்னொருத்தி மெதுவாக, “எங்க தாத்தா ஓடாவி, மிஸ். அவங்களக் கேட்டா வரஞ்சே காட்டுவாங்க” என்றாள். வகுப்பு அவளைத் திரும்பிப் பார்த்தது. அதுவரை அவள் தாத்தாவின் வேலையைக் கூடப் படிக்கிறவர்களிடம் சொன்னதே இல்லையாம்.

அன்றிலிருந்துதான் நானும் பிள்ளைகளும் பெரியவர்களின் பேச்சைப் பதிவு செய்ய ஆரம்பித்தோம். பெரிய திட்டமெல்லாம் இல்லை. டேப் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு சனிக்கிழமைகளில் போவோம். தண்டல்கள், ஓடாவிகள், பாய் தைத்தவர்கள், சங்கு குளித்தவர்கள், தோணிக்காரர் வீட்டுப் பெண்கள். பெண்களிடம் கேட்டது எனக்குப் பெரிய திறப்பு. கடலோடி திரும்பாத நாட்களில் வீட்டை எப்படி நடத்தினார்கள், எந்தக் கடையில் எதை அடகு வைத்தார்கள், கொழும்பிலிருந்து வந்த பீங்கானும் துணியும் எப்படி அடுத்த வீடுகளுக்குப் போயின என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். கடல் வாணிகத்தின் கரைப் பக்கக் கணக்கு முழுதும் அவர்கள் மனதில் இருந்தது.

ஒருநாள் தோணி உடைக்கிறார்கள் என்று தகவல் வந்தது. பிள்ளைகளோடு போனேன். ஓடாத தோணியைக் கரையில் இழுத்துப் போட்டு, பலகையை உரித்து விறகுக்கும், ஆணியையும் இரும்பையும் எடைக்கும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். உரிமையாளரைத் தப்புச் சொல்ல முடியாது. நின்றால் செலவு, உடைத்தால் காசு. அந்தத் தோணியைக் கட்டிய ஓடாவியும் அங்கே இருந்தார். கண்கலங்கி நிற்பார் என்று நினைத்துப் போனேன். அவரோ எங்களைக் கூப்பிட்டு, “டீச்சர், கட்டுன தோணில இதப் பாக்க முடியாது. இப்பத்தான் உள்ள தெரியும். பிள்ளைகள எழுதச் சொல்லுங்க” என்று அடிமரமான ஏராக்கட்டையில், விலா எலும்பு போன்ற வங்குகள் எப்படி உட்கார்ந்திருக்கின்றன என்று காட்ட ஆரம்பித்துவிட்டார். ஏராவின் நீளத்தைச் சொல்லி, அதில் இத்தனையில் ஒரு பங்கு அகலம், இத்தனையில் ஒரு பங்கு உயரம், முன்பக்கமான அணியம் இவ்வளவு சாய வேண்டும் என்று எல்லாவற்றையும் பங்கு பிரித்தே சொன்னார். காகிதத்தில் வரைபடம் போட்டு அவர் தோணி கட்டியதே இல்லை. ரம்பம் ஒரு பக்கம் ஓடிக்கொண்டிருந்தது; பிள்ளைகள் அதற்கு முன்னால் ஓடி ஓடி அளந்தார்கள். பாதி அளப்பதற்குள் மறுபாதி போய்விட்டது.

மிச்சம் இருந்த இன்னொரு பழைய தோணியையாவது வாங்கிக் கரையில் நிறுத்தலாம் என்று ஓர் அலுவலகத்தில் மனு கொடுத்தோம். கோட்டை, கோயில், கல்வெட்டு, சிலை என்றால் விதி இருக்கிறது, தோணிக்கு இல்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். எனக்கு அந்த அதிகாரியின் மேல் கோபமில்லை. மரபு என்றால் கல் என்று நாம் எல்லோரும் சேர்ந்து பழகிவிட்டோம். கல் ஆயிரம் வருடம் கேட்பாரற்றுக் கிடந்தாலும் கிடக்கும். மரம் கிடக்காது. தோணியைத் தண்ணீரிலேயே வைத்து வருடந்தோறும் கலப்பத்து அடித்தால்தான் உயிரோடு இருக்கும். அதனால் தோணியைக் காப்பது என்றால் ஓடாவியைக் காப்பதுதான்.

இதை நம்மைவிட மற்றவர்கள் சீக்கிரம் புரிந்துகொண்டார்கள். தொண்ணூறுகளில் ஷான் மக்கிரேல், லூசி புளூ முதலிய ஆய்வாளர்கள் இங்கிலாந்திலிருந்து வந்து, பாக் நீரிணைக் கரையின் வத்தை என்னும் மீன்பிடிப் படகை ஆராய்ந்தார்கள். அதிராம்பட்டினத்து ஓடாவிகள் ஒரு பலகையில் கீறி வைத்த கோடுகளைக் கொண்டு ஒவ்வொரு வங்கின் வளைவையும் கண்டுபிடித்து, முதலில் வங்குகளை நிறுத்திப் பிறகு பலகை அடிக்கிற முறையைப் பக்கம் பக்கமாக எழுதினார்கள். அதற்கு முன் 1920லேயே, சென்னை மாகாண மீன்வளத் துறையில் இருந்த ஜேம்ஸ் ஹார்னெல் இந்தியப் படகுகளைப் பற்றி நூல் எழுதினார். இன்றைக்கும் நம் படகைப் பற்றி எழுத உட்காரும் எவரும் அவரைத்தான் தேடிப் போக வேண்டியிருக்கிறது. கப்பல் சாத்திரம், நாவாய் சாத்திரம் என்று நம் சுவடிகள் இருக்கின்றன, அச்சிலும் வந்திருக்கின்றன. அவற்றை ஓர் ஓடாவியின் பக்கத்தில் உட்கார்ந்து, அவரிடம் வரி வரியாகக் கேட்டுப் படித்தவர்கள் யாரென்று தேடிக்கொண்டிருக்கிறேன்.

1980இல் ஓமான் நாட்டில் சோஹார் என்ற கப்பலைக் கயிற்றால் தைத்துக் கட்டினார்கள். ஆணியே இல்லை. தைக்க ஆள் வேண்டும் என்று தேடி லட்சத்தீவிலிருந்து கைவினைஞர்களைக் கூட்டிக்கொண்டு போனார்கள். அந்தக் கப்பல் சீனா வரைக்கும் ஓடியது. நம் கடற்படையில் 2025 மே மாதம் கௌண்டின்யா என்ற தைத்த கப்பல் சேர்ந்தது. அஜந்தா ஓவியத்தில் இருந்த கப்பலைப் பார்த்துத் திட்டமிட்டது அது. சென்னை ஐஐடியில் மாதிரி வைத்துச் சோதித்தார்கள். ஆனால் பலகையைத் தைத்தது கேரளத்துப் பாபு சங்கரனும் அவர் கூட்டத்து ஆட்களும். ஓவியம் இருந்தது, கணினி இருந்தது, பணம் இருந்தது. அந்தக் கைகள் இல்லாதிருந்தால் கப்பல் இல்லை. வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி 1938இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகம் வரைக்கும் பாய்விரித்து ஓடியதே, அதைக் கட்டிய கைகளின் வித்தை இன்று எத்தனை பேரிடம் இருக்கிறது?

முத்தும் சங்கும் போன வழியும் இதுதான். தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு 1961இல் நடந்தது. அதற்குப் பிறகு பார்களில் முத்துச்சிப்பி தேறவில்லை. 1973இல் இதே ஊரில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் வளர்ப்பு முத்தை உண்டாக்கிக் காட்டினார்கள். அறிவியல் பக்கம் எழுதப்பட்டிருக்கிறது. கல்லின் பாரத்தில் இறங்கிய குளியாளியின் பக்கம் எழுதப்படவில்லை. எந்தப் பாருக்கு என்ன பெயர், எந்த மாதம் தண்ணீர் தெளியும், மூச்சு முட்டும்போது கயிற்றை எப்படி இழுப்பார்கள் என்பதை எங்களுக்குச் சொன்ன முதியவர்களில் பெரும்பாலோர் இப்போது இல்லை. ஜோ டி குரூஸ் தம் ‘கொற்கை’ நாவலில் இந்த உலகத்தைக் கொண்டுவந்து வைத்தார். 2013இல் அதற்குச் சாகித்ய அகாதெமி விருதும் கிடைத்தது. அதைப் படித்த பிறகு எங்கள் தெருவுக்கு வந்து கேள்வி கேட்டவர்கள் உண்டு. ஒரு நாவல் செய்த வேலையை எந்தத் துறையும் செய்யவில்லை என்று எனக்கு உறுதியாகச் சொல்ல முடியும்.

இப்போது கடல்சார் சுற்றுலா என்கிறார்கள். வரவேற்கிறேன். மணப்பாடும் காயல்பட்டினமும் கொற்கையும் புன்னைக்காயலும் ஒரே நாள் பயணத்தில் அடங்குகிற ஊர்கள். பரதவர், முஸ்லிம் மரைக்காயர், நாடார் வியாபாரிகள், சுண்ணாம்புக்கும் சங்குக்கும் இறங்கியவர்கள் என்று எல்லோருடைய கடலும் அதில் வரும். ஆனால் வெள்ளையடித்த ஒரு தோணியைப் பூங்காவில் நிறுத்திப் படம் எடுத்துக்கொள்ள வைப்பதோடு முடிந்தால் வீண். அந்தத் தோணி இரண்டு மழையில் உளுத்துப்போகும். வருகிறவர்களுக்கு முன்னால் ஓடாவி கலப்பத்து அடிக்கட்டும், அதற்கு நாள்கூலி அல்ல, ஆசிரியருக்கு உரிய சம்பளம் கொடுக்கட்டும். ஐடிஐயில் வெல்டிங் சொல்லித் தருவது போல மரக்கலம் கட்டுவதையும் சான்றிதழோடு சொல்லித் தரட்டும். ஒரு புதுத் தோணிக்கு அரசே ஆர்டர் கொடுத்து, அதில் பத்து இளைஞர்களை வைத்துக் கட்டி முடித்தால், இன்னும் நாற்பது வருடத்துக்கு அந்த வித்தைக்குக் கவலையில்லை.

அது நடக்கும்வரை சும்மா இருக்க வேண்டியதில்லை. தூத்துக்குடி, கீழக்கரை, அதிராம்பட்டினம், நாகப்பட்டினம், காரைக்கால் என்று எந்தக் கடற்கரையில் உங்கள் வீடு இருந்தாலும், பரணில் ஏறிப் பாருங்கள். தோணிக் கணக்குப் புத்தகம், சரக்குச் சீட்டு, தண்டலின் பாஸ்போர்ட், பாயோடு எடுத்த பழைய போட்டோ எது கிடைத்தாலும் எடைக்குப் போடாதீர்கள். ஒரு நகல் எடுத்துப் பக்கத்துக் கல்லூரி நூலகத்தில் கொடுங்கள். வீட்டில் கடலோடிய, தோணி கட்டிய பெரியவர் இருந்தால் இந்த ஞாயிற்றுக்கிழமையே கைப்பேசியை எதிரில் வைத்துப் பேசச் சொல்லுங்கள். நாங்கள் பதிவு செய்த ஓடாவிகளில் எழுபது வயதுக்குக் குறைந்தவர் ஒருவரும் இல்லை.